மூளை–கணினி இடைமுகவழி நகர்தல்

கைகால்களை அசைக்காமல், மூளையின் மின்குறிகளைக் கட்டளையாக்கி மெய்நிகர் வெளியிலோ நேர் உலகிலோ இடம்பெயரும் முறை. ஹான்ஸ் பெர்கர் 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். அவற்றால் கணினியை இயக்கலாம் என்று 1973இல் எழுதிய ழாக் விடால், 1977இல் லாஸ் ஏஞ்சலிஸில் அதைச் செய்தும் காட்டினார். பளிச்சிடும் கட்டப் படத்தைச் சுற்றியிருந்த நான்கு புள்ளிகளில் ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதை மூளையலையிலிருந்து கண்டறிந்து, திரையில் ஒரு பொருளைப் புதிர்ப்பாதைக்குள் நகர்த்தினார். ஆனால் அது பார்வை போகும் திசையையே நம்பியிருந்தது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் குழுவினர் வேறு வழியைப் பிடித்தனர். கையையோ காலையோ அசைப்பதாக நினைத்தாலே மூளையின் தாளம் மாறும். அந்த மாற்றமே அவர்களுக்குக் கட்டளை. இத்துறையில் மனத்தை மிகவும் தொடுவது 2007இல் வெளியான அவர்களது ஆய்வு. தண்டுவடக் காயத்தால் கைகால் செயலிழந்த ஒருவர், அசையாத தம் பாதங்கள் அசைவதாக எண்ணியே மெய்நிகர்த் தெருவில் சக்கர நாற்காலியை ஓட்டினார். வழியில் நின்ற ஒவ்வோர் உருவத்திடமும் நின்று பேசிவிட்டு நகர வேண்டும். எப்போது கிளம்புவது என்பது அவர் முடிவு. சராசரியாக 90 சதவீதம் வெற்றி.

மெய்நிகர்த் தெருவில் தவறினால் யாருக்கும் அடிபடாது. நேர் உலகம் அப்படியல்ல. மண்டையோட்டைத் தாண்டி வரும் குறி மிக மெலிந்தது, கண் சிமிட்டினாலும் கலங்குவது. எனவே 2004இல் ஹோசே மிலான் குழு, சிறு ரோபோவை அறைகளுக்கிடையே செலுத்தியபோது பொறுப்பைப் பிரித்தது: திசை மனிதருடையது, சுவரில் மோதாமல் காப்பது ரோபோவின் உணரிகளுடையது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் நாமும் எண்ணி வைப்பதில்லை.

2013இல் மின்னசோட்டாவில் பின் ஹீ குழு, எண்ணத்தாலேயே சிறு ட்ரோனை வளையங்களுக்குள் பறக்கவிட்டது. பிரான்சின் கிரனோபிளில் கைகால் செயலிழந்த ஒருவர், மண்டையோட்டில் பதித்த இரு கருவிகளின் உதவியால் திரையுருவை நடக்கவைத்துப் பழகி, பிறகு எந்திரச் சட்டகம் அணிந்து அடியெடுத்து வைத்தார் (2019). அவர் சாயாதிருக்க அச்சட்டகம் கூரையிலிருந்து தாங்கப்பட்டிருந்தது.

2022இல் வெளியான மிலான் குழுவின் ஆய்வில் மூவர் பல மாதங்கள் பயின்று, சாமான்கள் நிறைந்த அறையில் உண்மையான சக்கர நாற்காலியை ஓட்ட முயன்றனர். மூளைக்குறிகளை இனங்காணக் கணினி மட்டும் கற்றது போதவில்லை. பயிற்சியில் மூளைக்குறிகளும் தெளிந்துவந்த இருவரே நன்றாக ஓட்டினர்.