நிலப்பெயரும் பிறப்பிடப்பெயரும்: தாமிரபரணி நாட்டுச் சான்றுகள்

கொடிமுந்திரித் தேறலைப் பற்றி எழுதும் பிரெஞ்சு நூலார் இரு சொற்களை வேறுபடுத்தி ஆள்வர். ஒன்று 'தெருவார்' என்பது. ஒரு நிலத்தின் மண், சரிவு, வெயில், நீர், ஆங்கு வழிவழி வந்த கைப்பழக்கம் ஆகியன ஒருங்கு கூடிப் பானத்திற்கு ஏற்றும் இயல்பை அது குறிக்கும். மற்றொன்று 'அப்பெல்லாசியோன்'. இன்ன எல்லைக்குள் இன்ன முறையில் விளைந்தது எனச் சட்டம் ஒப்பி வழங்கும் பிறப்பிடப்பெயர் அது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டில் உறுதி பெற்றது. முன்னதற்குத் 'திணை' எனவே தமிழாக்கம் செய்துவிடலாம் என்னும் எண்ணம் தமிழ் கற்றார்க்கு எளிதில் எழும். அது பொருந்தாது என்பதே எம் கருத்து.

திணை நிலத்தின் வகையைச் சுட்டுவது, ஓரிடத்தைச் சுட்டுவதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களுள் உணவையும் மரத்தையும் வைத்தார். ஆயின் நெய்தல் என்றால் எந்நெய்தலும் நெய்தலே. இக்கரைக்கும் அடுத்த கரைக்கும் சுவை வேறு என்று சொல்லத் திணைச்சொல் உதவாது. தெருவாரோ அவ்வேறுபாட்டிற்கென்றே பிறந்த சொல்.

சங்க இலக்கியத்துள் பயிலும் குடிபொருட் பெயர்களை நோக்குக. தெளிந்தமையால் தேறல், மணத்தால் நறவு, பிழிந்தெடுத்தமையால் பிழி, நெல்லிற் சமைத்தது தோப்பி. இவை யாவும் செய்முறையாலும் பண்பாலும் மூலப்பொருளாலும் வந்தவை. ஊரால் வந்தது இவற்றுள் ஒன்றும் இல்லை. புறநானூற்று 56ஆம் பாட்டில் மட்டும், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கலத்திற் கொணர்ந்த தேறலைக் கூறுகின்றார். ஆங்கும் விளைந்த கொல்லையின் பெயர் இல்லை. கொணர்ந்தார் பெயரே உண்டு. 'பெரிப்புளுசு' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் பருகச்சத் துறையில் இத்தாலியத் தேறலை முதலிலும், இலவோதிக்கேயா, அரபு நாட்டுத் தேறல்களை அடுத்தும் விரும்பினர் என்று இடம் பிரித்துக் கூறும். முசிறியைப் பேசுங்கால் தேறல், அதுவும் சிறிதளவே என்று கூறி அமையும். இதனைக் கொண்டு தமிழர் சுவை அறியார் என முடிவு கட்டுதல் பேதைமை. சரக்கு மிகுந்த துறையில் பெயர் மிகும் என்பதே இதனால் பெறப்படுவது.

அர்த்தசாத்திரம் இன்னும் தெளிவான சான்று தருகின்றது. கொடிமுந்திரிச் சாற்றால் ஆகிய மதுவுக்குப் பிறந்த நாட்டாலேயே பெயர் என்று கூறிக் காபிசாயனம், ஆரகூரகம் என இரண்டை அந்நூல் எடுத்துக்காட்டும். அதே நூல் முத்துவகைகளை எண்ணுங்கால் தாம்ரபர்ணிகம், பாண்டியகவாடகம் என்கிறது. தாம்ரபர்ணிகம் இலங்கை முத்தே என்பாரும் உளர். பொருநை கடலொடு கலக்குமிடத்துப் பிறந்தது என்னும் பழைய உரை ஒன்றும் உண்டு. எதுவாயினும் முத்து ஆற்றிற் பிறப்பதன்று, கடலடியிற் பிறப்பது. கொற்கை முத்து என நம் புலவர் பாடியதும் அத்தகையதே. கொற்கை அதன் துறை, பிறந்த இடமன்று. ஆகவே பிறப்பிடப்பெயர் எனப்படுவது பலகால் விற்பிடப்பெயராக இருத்தலைக் காண்கிறோம்.

இனி நிலத்துக்கு வருவோம். பொருநைப் பாசனத்து நன்செய் உழவர் நெல்லைக் கார் என்றும் பிசானம் என்றும் பருவத்தாற் பிரித்தனர். வெற்றிலையை மட்டும் ஆத்தூர் வெற்றிலை என ஊரால் வழங்கினர். அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆற்றுக்குத் தெற்கே, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கங்களில், நிலமே வேறு. இரும்பின் துருவேறிச் சிவந்த மணல்மேடுகள் அங்குப் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்குத் தேரி என்று பெயர். சாய்னர், ஆல்ச்சின் ஆகியோர் 1956இல் ஆராய்ந்த நுண்கற்கருவிகள் இம்மேடுகளில் கிடைத்தவை. தேரியைப் பாலை என்பதா, பெண்ணை நிற்றலால் நெய்தல் என்பதா? ஐந்திணையுள் அடங்காமையாலன்றோ அந்நாட்டார் தனிச்சொல் வைத்துக்கொண்டனர்! மேட்டுத் தோட்டநிலத்தை விளை என்பர். திசையன்விளை முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிற்கக் காணலாம்.

இத்தேரிப் பனையே நமக்குக் கொடிமுந்திரிக்கு ஈடானது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளைநீரை இறக்கினால் பதநீர். தடவாது விட்டால் புளித்துக் கள். நீர் ஒன்றே, பெயரைப் பிரிப்பது சுண்ணாம்பு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருத்தலின், பனைநீரின் சுவையை ஊர்ப்பெயரோடு சந்தைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்புக் கருப்பட்டியின் மேல் விழுந்தது. அதன் பெயர் தேரிக்கருப்பட்டி அன்று, உடன்குடிக் கருப்பட்டி. உடன்குடி அதன் சந்தை. சுற்றியுள்ள சிற்றூர்ப் பனைகளின் விளைவு அங்கு வந்து பெயர் பெறுகின்றது. கொற்கை முத்தின் வழக்கே ஈண்டும் தொடர்கின்றது.

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. போர்த்துகலில் டூரோ ஆற்றின் மேற்பகுதியில் விளையும் தேறல், கப்பலேறிய போர்ட்டோ துறையால் பெயர் கொண்டது. அதன் விளைநிலத்துக்கு 1756இல் எல்லை வகுத்தனர். பிரான்சில் சாம்பெயின் நாட்டுக்கு 1908இல் எல்லை வகுத்தபோது ஓபு மாவட்டம் விலக்கப்பட்டது; 1911இல் அம்மாவட்டத்து உழவர் கிளர்ந்தெழுந்தனர். பெயருக்குக் கோடு கிழித்தல் ஒருவர் வாழ்வைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தவும் கூடும்.

நம் நாட்டில் 1999இல் இயற்றிய சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. உடன்குடிக் கருப்பட்டியும் அக்குறியீடு பெற்றுள்ளது. சீனிப்பாகு கலந்த போலியை விலக்க அது உதவும். ஆனால் ஊர்ப்பெயர் வேறு, மண்ணின் இயல்பு வேறு. முன்னதற்குப் பிறப்பிடப்பெயர் என்பது தகும். பின்னதற்கு உழவர் நாவில் வழங்கும் 'மண்வாகு' என்னும் சொல்லை ஆளலாம். திணையை அகப்பொருளுக்கே விட்டுவிடுவது நலம். செந்தேரிப் பனைநீருக்கும் வண்டலில் நிற்கும் பனையின் நீருக்கும் பனையேறிகள் என்ன வேறுபாடு காண்கின்றனர், அதனை எச்சொல்லாற் குறிக்கின்றனர் என்பதை அவர்தம் பேச்சிலிருந்தே தொகுத்தல் வேண்டும். ஏறுவார் தொகை ஆண்டுதோறும் அருகி வருதலின், இப்பணியை முதுகலை மாணவர் விரைந்து மேற்கொள்வாராக.