ஷாங்காயை ஆள்வது யார்?

சீன நகரங்களின் அரசு அலுவலக வாசல்களில் நெட்டுக்குத்தாக மாட்டிய வெள்ளைப் பலகைகளைப் பார்க்கலாம். கம்யூனிஸ்டுக் கட்சிக் குழுவின் பலகை என்றால் எழுத்து சிவப்பு. மக்கள் அரசின் பலகை என்றால் கறுப்பு. சுமார் 2.5 கோடிப் பேர் வாழும் ஷாங்காயில் இந்த இரண்டு நிறங்களுக்கும் இரண்டு தலைவர்கள் உண்டு. சிவப்புக்குக் கட்சிச் செயலாளர்; கறுப்புக்கு மேயர். வரிசையில் செயலாளரே முதல்வர், மேயர் அவருக்கு அடுத்தவர். இதைக் கேட்டதும், மேயர் வெறும் பொம்மை என்று முடிவுகட்டுவது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நகரத்தைக் கைப்பற்றும் வலிமை இருந்தும் அதை நடத்தும் அறிவு போதாத ஒரு கட்சி, 1949-ல் தன் முன் நின்ற சிக்கலுக்குக் கண்ட தீர்வில்தான் இந்த இரட்டைப் பதவி வேர்கொண்டது. தீர்வு பலித்தது, நகரம் வளர்ந்தது. ஆனால் முடிவெடுப்பவர் ஒருவர், பதில் சொல்பவர் இன்னொருவர் என்ற பிளவும் அதோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது. ஷாங்காயின் கடந்த முக்கால் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள இந்தப் பிளவைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்சி பிளவுபட்டிருப்பது ஷாங்காய்க்குக் கம்யூனிஸ்டுகள் கொண்டுவந்த புதுமை அல்ல. 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நகரம் மூன்று துண்டுகளாக ஆளப்பட்டது. சர்வதேசக் குடியிருப்பை, சொத்துவரி கட்டிய வெளிநாட்டார் தேர்ந்தெடுத்த நகரவை ஆண்டது. அங்கு வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள்; வரிப் பணத்திலும் அவர்கள் பங்கு பெரிது. ஆனாலும் 1928-ல்தான் அவையில் சீனர்களுக்கு இடம் கிடைத்தது. பிரெஞ்சுப் பகுதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரின் (கான்சல்) சொல்லே சட்டம். மிச்சமிருந்த சீனப் பகுதியை ஒருங்கிணைக்க, தேசியவாதக் கட்சியான கோமிங்தாங்கின் அரசு 1927 ஜூலையில் தனி மாநகர அரசை நிறுவி ஒரு மேயரை அமர்த்தியது. அப்போதே கோமிங்தாங்கின் ஷாங்காய்க் கிளைக்கும் மேயரின் அலுவலகத்துக்கும், நகரில் யார் சொல் செல்லும் என்பதில் இழுபறி எழுந்தது. கட்சி நாட்டைப் பழக்கி எடுக்கும் காலம் என்ற சுன் யாட்சென்னின் கோட்பாட்டை ஏற்றுக்கொண்ட அரசில் அது எழாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆக, கட்சியும் நகர அரசும் ஒரே நகரத்தில் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற கேள்வி 1949-க்கு மூத்தது.

1949 மே 27-ல் கம்யூனிஸ்டுகளின் மக்கள் விடுதலைப் படை நகரை முழுமையாகக் கைப்பற்றியது. மறுநாள் நடந்த ஆட்சி மாற்றத்தில் முழு அமைப்பின் தோற்றத்தையும் காணலாம். பழைய அரசின் மேயர்கள் ஓடிவிட்ட நிலையில் கடைசிச் சில நாட்களுக்குப் பொறுப்பு மேயராக இருந்தவர் ஜாவ் சூகாங் என்ற பொறியாளர். சாலைகள் கட்டுவதில் பேர்போனவர். அவர் கோப்புகளையும் முத்திரையையும் புதிய மேயர் தளபதி சென் யீயிடம் ஒப்படைத்தார். அவரைச் சிறையில் தள்ளவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. பொதுப்பணித் துறையின் தலைவராக அமர்த்தினார்கள். பின்னாளில் துணை மேயராகவும் ஆனார். நெசவாலை, மாவாலை முதலாளி ரோங் யீரென் 1957-ல் துணை மேயரானதும் இதே தர்க்கத்தில்தான். கிராமப்புறப் போரில் வளர்ந்த படைக்குக் குடிநீர்க் குழாய், மின்நிலையம், டிராம், வங்கி இவற்றை நடத்தும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களில் பலர் கட்சிக்கு வெளியே இருந்தார்கள். அவர்களை அரசுக்குள் வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்குரியவர்களைக் கொண்ட கட்சிக் குழுவை அந்த அரசின் மேல் வைப்பதே வழியாகத் தெரிந்தது.

இந்த இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்த முயற்சிகள் நகரத்துக்கு நன்மை தரவில்லை. 1950-களின் நடுவிலிருந்து நகரக் கட்சிக் குழுவின் முதன்மைச் செயலாளராக இருந்த கே சிங்ஷி, 1958-ல் மேயர் பதவியையும் ஏற்றார். மாவோவின் பெரும் பாய்ச்சலுக்கு அவரைவிட உற்சாகமாகக் கொடி பிடித்தவர்கள் குறைவு. அவசரத்துக்குத் தடை போடக்கூடிய இன்னொரு நாற்காலி நகரில் இல்லை. கலாசாரப் புரட்சியில் வந்த அடுத்த முயற்சி இன்னும் தீவிரமானது. 1967 ஜனவரி 6-ல் மக்கள் சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தில் செயலாளர் சென் பீஷியனும் மேயர் ட்சாவ் தீச்சியுவும் ஒருசேர நிறுத்தப்பட்டுக் கண்டனத்துக்கு உள்ளானார்கள். கட்சிக் குழு, நகர அரசு இரண்டையும் கலைத்துவிட்டு, பிப்ரவரி 5-ல் சாங் சுன்சியாவ் குழுவினர் ஷாங்காய் மக்கள் கம்யூனை அறிவித்தனர். சில வாரங்கள்கூட அது தாங்கவில்லை. எல்லா இடத்திலும் கம்யூன் என்றால் கட்சிக்கு எங்கே இடம் என்று மாவோவே கேட்டார். கம்யூன் புரட்சிக் குழுவாகப் பெயர் மாறியது. கட்சியும் அரசும் ஒரே தலைமையின் கீழ் வந்த அந்த ஏற்பாடு 1976 வரை நகரைச் சாங்கின் கையில் வைத்திருந்தது. 1979-ல் இயற்றிய உள்ளாட்சிச் சட்டம் புரட்சிக் குழுக்களுக்கு முடிவு கட்டி, மேயர் பதவியை மீட்டது.

எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 1987-ல் 13-ம் கட்சி மாநாட்டில் கட்சித் தலைவர் ஜாவ் சியாங், கட்சியும் அரசும் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று முன்வைத்தார். அடுத்த ஆண்டு மேயரான ஜூ ரோங்ஜி, ஷாங்காயில் மேயருக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று காட்டினார். வெளிநாட்டு முதலீட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முத்திரைகள் வாங்கி அலைய வேண்டியிருந்தது என்பார்கள். அதை ஒரே அலுவலகத்தின் ஒரே முத்திரையில் முடிக்க வழிசெய்தார். ஹுவாங்பு ஆற்றின் குறுக்கே நான்பு பாலம் 1991-ல் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையின் புடோங் வளர்ச்சித் திட்டம் 1990-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் 1989-ல் தியானன்மென் நிகழ்வுக்குப் பின் ஜாவ் சியாங் வீழ்ந்தார். பிரிவினை யோசனையும் அவரோடு போயிற்று. 2018-ல் கட்சியின் தலைமை அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சீன அரசியல் சட்டம் உள்ளாட்சியில் மேயரின் முழுப் பொறுப்பைத்தானே பேசுகிறது? மாநகர மக்கள் பேரவைதானே அவரைத் தேர்ந்தெடுக்கிறது? உண்மைதான். ஆண்டறிக்கையைப் பேரவை முன் வாசிப்பவர் மேயர். வரவு செலவும் வீடும் பேருந்தும் குப்பையும் அவர் அரசின் வேலை. ஆனால் ஓட்டுச்சீட்டில் வழக்கமாக ஒரே பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரைக் கட்சி ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். மேயர் கட்சிக் குழுவில் துணைச் செயலாளர். முக்கிய நியமனங்களும் பெரிய திட்டங்களும் முதலில் பேசப்படுவது செயலாளர் தலைமை தாங்கும் நிலைக்குழுவில். செயலாளர் யார் என்பதைப் பெய்ஜிங் தீர்மானிக்கிறது. கட்சியின் மத்திய அமைப்புத் துறை அதிகாரி வந்து, கூட்டிய நிர்வாகிகள் முன் அறிவிக்கிறார். இடமும் இதையே சொல்கிறது. நகர அரசு 1955 முதல் 1995 வரை ஆற்றங்கரையில், பழைய ஹாங்காங் ஷாங்காய் வங்கி மாளிகையில் இருந்தது. பிறகு மக்கள் சதுக்கத்துக்குப் போயிற்று. இரண்டும் எல்லார் கண்ணிலும் படும் இடங்கள். கட்சிக் குழு இருப்பது பழைய பிரெஞ்சுப் பகுதியின் அமைதியான காங்பிங் சாலையில்.

இந்த இரு பதவிகளின் உயரத்தை அளக்க, அவற்றிலிருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் போதும். 1987-க்குப் பின் ஷாங்காய்ச் செயலாளர்களாக இருந்த ஜியாங் செமின், ஜூ ரோங்ஜி, வூ பாங்குவோ, ஹுவாங் ஜூ, ஷி ஜின்பிங், யூ செங்ஷெங், ஹான் செங், லி சியாங் ஆகிய எண்மரும் கட்சியின் உச்ச அமைப்பான பொலிட்பீரோ நிலைக்குழுவை எட்டினார்கள். செயலாளராகாமல் மேயராகவே நின்றவர்களின் பாதை வேறு. நகரவாசிகளின் நன்மதிப்பைப் பெற்ற உலோகவியல் பேராசிரியர் ஷூ குவாங்தி, 1995 முதல் 2001 வரை மேயராக இருந்துவிட்டுப் பொறியியல் அகாதெமியின் தலைவராகச் சென்றார். பெருமைக்குரிய பதவிதான், அதிகாரப் பாதையில் சேர்ந்தது அல்ல.

ஏற்பாடு எப்படியிருந்தாலும் நகரம் செழித்திருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. வானுயர்ந்த புடோங்கும் மெட்ரோவும் கண்ணெதிரே நிற்கையில் இதை மறுக்க முடியாது. ஒரே செயலாளர் சொல்லுக்குப் பல துறைகளும் அசைவதால் பெரிய திட்டங்கள் விரைந்தன. ஆனால் தவறு நேரும்போது அதே விரைவு திரும்பித் தாக்குகிறது. செயலாளர் சென் லியாங்யூ 2006 செப்டம்பரில் நீக்கப்பட்டார். தொழிலாளர்களின் சமூகக் காப்பு நிதி முறைகேடாக முதலீடுகளுக்குத் திருப்பிவிடப்பட்ட விவகாரத்தில் சிக்கியவர் அவர். 2008-ல் அவருக்கு 18 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவரை நிறுத்தியது பெய்ஜிங். நகரத்துக்குள் இருந்த எந்த மன்றத்துக்கும் அந்த வலிமை இல்லை.

2022-ல் அதே பிளவு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்தது. மார்ச் 28-ல் ஆற்றின் கிழக்கு, ஏப்ரல் 1-ல் மேற்கு என்று நான்கு நான்கு நாட்களுக்கு அறிவித்த கொரோனா முடக்கம் இரண்டு மாதம் நீண்டது. சீனாவின் செல்வச் செழிப்புள்ள நகரங்களுள் ஒன்றில் மக்கள் காய்கறிக்குத் தவித்தார்கள். ஏச்சையும் பேச்சையும் வாங்கியவர்கள் குடியிருப்புக் குழுவின் அடிமட்ட ஊழியர்களும், தினமும் செய்தியாளர் முன் அமர்ந்த நகர அரசின் அதிகாரிகளும். கொள்கையோ மேலிருந்து வந்தது. நகரில் அதை நிறைவேற்றும் பொறுப்பில் முதல்வர் கட்சிச் செயலாளர் லி சியாங். அவர் அந்த அக்டோபரில் பொலிட்பீரோ நிலைக்குழுவில் இரண்டாம் இடத்துக்கும், 2023 மார்ச்சில் பிரதமர் பதவிக்கும் உயர்ந்தார். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவர் பணியை மதிப்பிட்டுவிட்டார்கள். கதவுக்குள் அடைபட்டுக் கிடந்த மக்களின் மதிப்பீட்டைக் கேட்க ஒரு வழியும் இல்லை.

ஆகவே மேயருக்கு அதிகாரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வதும் போதாது. ஜூ ரோங்ஜி போன்ற திறமைசாலிக்கு இந்த அமைப்பிலேயே இடம் கிடைத்தது. கே சிங்ஷியிடம் இரண்டு பதவிகளும் சேர்ந்தபோது நகரம்தான் விலை கொடுத்தது. முடிவெடுப்பவர் யாராக இருந்தாலும், அந்த முடிவால் வாழவும் தாழவும் போகிற மக்கள் முன் அவர் நின்று கணக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வரிகட்டிகளின் அவை, கோமிங்தாங்கின் மேயர், கம்யூனிஸ்டுக் கட்சிக் குழு என்று ஆட்சிகள் மாறி மாறி வந்தும், ஷாங்காயின் மக்களுக்கு இந்த ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பாலமும் கோபுரமும் கட்டத் தெரிந்த நகரத்துக்கு அதுவும் உரியது என்பதே இந்த வரலாற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவு.