டேப்புகளைக் கட்டி மேய்த்தவர்களின் சரித்திரம்

1996-ல் மலேசியாவில் டிஎம்நெட் இணையச் சேவை தொடங்கிய பின், 1515 என்ற எண்ணுக்கு மோடம் மூலம் அழைப்பு விடுத்து, அது கிறீச்சிட்டு ஓயும் வரை காத்திருந்து, ஒரே ஒரு பக்கம் திரையில் சாவகாசமாக இறங்கி வருவதைப் பார்த்திருந்த அந்தக் காலத்தில், ஈப்போ நகரத்து மாணவனுக்கோ குமாஸ்தாவுக்கோ பல பக்கங்களை ஒருங்கே திறந்து வைக்கும் ஆசை எழுந்திருக்க நியாயமில்லை என்று இன்றைய இளைஞர்கள் நினைக்கக்கூடும். விஷயம் நேர்மாறானது. பக்கம் வந்து சேரத் தாமதமாக ஆகத்தான், ஒன்று இறங்கிக்கொண்டிருக்கையில் மற்றொன்றைப் படித்துவிடலாம் என்ற யோசனை மனிதனுக்கு வந்தது. ஆனால் அன்றைய உலாவியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனி ஜன்னலாகத் திறந்து, திரையின் அடியில் இருந்த பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு, பத்தாவது ஜன்னல் திறக்கும்போது எது எந்தப் பக்கம் என்று பெயரைக்கூடப் படிக்க முடியாமல் போயிற்று.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் கண்டவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர். 1994-லேயே புக்லிங்க் என்ற சிறு நிறுவனம் தன் இன்டர்நெட்வொர்க்ஸ் உலாவியில் ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களைத் தொங்கவிடும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. அதை விலைக்கு வாங்கிய அமெரிக்கா ஆன்லைன் கம்பெனி அந்த யுக்தியின் அருமையை உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1998-ஐ ஒட்டி ஆடம் ஸ்டைல்ஸ் என்பவர், மைக்ரோசாப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இயந்திரத்தின் முதுகிலேயே ஏறி, நெட்கேப்டர் என்ற மேலுறை ஒன்றைத் தயாரித்து, டேப் என்பதைச் சாதாரண ஜனங்களின் கைக்குக் கொண்டுவந்தார். 2001-ல் மோசில்லா உலாவிக்கு டேப்புகளைச் சேர்த்ததும் மல்ட்டிஜில்லா என்ற துணைநிரல்தான். அதன் பின்னரே, அதே ஆண்டில், மோசில்லாவும் அவற்றைத் தன் சொந்த அங்கமாக ஏற்றுக்கொண்டது. தன் முதுகின்மேல் நடந்த காரியத்தை மைக்ரோசாப்ட் தானே செய்ய 2006 வரை, அதாவது ஏழாம் பதிப்பு வரை, காலம் எடுத்துக்கொண்டது. ஆகவே, டேப்புகளை நிர்வகிக்கத் துணைநிரல்கள் பிறந்தன என்று சொல்வதைக் காட்டிலும், டேப்பே மேலுறையாகவும் துணைநிரலாகவும்தான் ஜனங்களிடம் வந்தது என்று சொல்வதுதான் சரித்திரத்துக்குப் பொருந்தும்.

டேப் வந்ததும் ஜன்னல் நெரிசல் தீர்ந்தது. டேப் நெரிசல் தொடங்கியது. மேபேங்க் கணக்கு, பிடிபிடிஎன் கல்விக் கடன் மனு, தங்கைக்குப் பார்த்த வரனின் ஜாதகப் பொருத்தம், பாதியில் விட்ட பத்திரிகைத் தலையங்கம் என்று நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்திருப்பவர், அவற்றில் ஒன்றையும் மூட மனமில்லாமலும், ஒன்றையும் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லாமலும் தவித்தபோது, டேப் மிக்ஸ் பிளஸ் முதலான துணைநிரல்கள் உதவிக்கு வந்தன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, பீரோ என்ற புனைபெயர் கொண்ட ஜப்பானிய நிரலாளர் 2007-ல் வெளியிட்ட ட்ரீ ஸ்டைல் டேப். அது டேப்புகளைத் திரையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக அடுக்கும். ஒரு பக்கத்திலிருந்து திறந்த பக்கங்களெல்லாம் அதன் கீழே சற்று உள்ளே தள்ளி நிற்கும். தாய்ப் பக்கத்தை மடக்கினால் அதன் பிள்ளைகள் அனைத்தும் அதற்குள் மறைந்துவிடும்.

பேராக் ரப்பர்த் தோட்டங்களின் பழைய ஆபீஸ்களை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதுமையாகத் தோன்றாது. 1877-ல் கோலகங்சாரில் நட்ட ஒரு சில கன்றுகளில் தொடங்கிய ரப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர்களாகப் பரவியபோது, நூற்றுக்கணக்கான ஆட்களின் வருகையைத் தினந்தோறும் கணக்கில் வைத்திருக்க வேண்டிய பாரம் தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் தலையில் விழுந்தது. அவருடைய செக்ரோல் என்ற வருகை ஏட்டில் வரிக்கு ஓர் ஆளின் பெயர். கட்டத்துக்கு ஒரு தேதி. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் பார்த்தது அந்தந்தக் கட்டத்தில் ஒரு சிறு குறியாக ஏறும். தன் கூட்டத்தார் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்து வந்தமையால், இன்ன ஆள் இன்ன கங்காணியின் கீழ் என்ற பாகுபாடு கணக்குக்கு இன்றியமையாததாயிற்று. ஆள்கட்டிக் கடனில் ஆழ்த்திய கங்காணி முறையை நான் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1938-ல் இந்திய அரசாங்கம் உதவியுடன் கூடிய குடியேற்றத்தைத் தடுத்தபோது, புதிதாக ஆள்கட்டும் அந்த வழி அடைபட்டது நல்லதே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: அந்த ஏட்டில் கூட்டம் பிரித்தது அழகுக்காக அன்று, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதில் சொல்ல ஒருவன் இருந்தான். நம் டேப்புக் கூட்டங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லாததால்தான், எத்தனை சிறந்த துணைநிரல் வாய்த்தாலும் அவை மறுபடியும் மலையாகக் குவிகின்றன.

இனிக் கம்பெனிகள் செய்ததைப் பார்ப்போம். 2010-ல் ஆசா ராஸ்கின் வடிவமைத்துக் காட்டிய டேப் கேண்டி என்ற திட்டம், பனோரமா என்ற பெயரில் 2011-ல் மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நான்காம் பதிப்பில் சேர்ந்தது. வெற்றுத் திரையில் பெட்டிகள் வரைந்து, டேப்புகளைச் சின்னஞ்சிறு படங்களாக அவற்றுள் இழுத்துப் போடும் அந்தக் காட்சி கண்ணுக்கு இனியதுதான். உபயோகித்தவர்கள் மிகச் சொற்பமாகவே இருந்ததால், 2016 மார்ச்சில் வெளிவந்த 45-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். தன்னார்வ நிரலாளர் ஒருவர் அதையே துணைநிரலாக்கிக் காப்பாற்றினார். ஆனால் 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பு, உலாவியின் உள்ளுறுப்புகள் வரை கைவைக்கும் பழைய பாணித் துணைநிரல்கள் அனைத்துக்கும் வாசலை அடைத்தது. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் அவை இடையூறு என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பீரோவின் நிரல் புதிதாக எழுதப்பட்டு உயிர் தப்பியபோது, மேலே உள்ள பழைய டேப் வரிசையை மறைக்கும் அதிகாரத்தை இழந்திருந்தது. அதே டேப்புகள் மேலே ஒரு முறையும் பக்கத்தில் ஒரு முறையுமாக இரட்டித்து நின்ற கோலத்தைப் பார்த்தவர்கள் அன்று சபித்ததை இங்கே எழுத இயலாது.

வெளியார் செய்த துணைக் கருவியின் தயவில் வாழ்வது மலேசியத் தமிழருக்குப் பழகிய காரியந்தான். கணினியில் தமிழ் எழுத வழியில்லாதிருந்த நாளில், 1985-ல் முத்து நெடுமாறன் இந்நாட்டில் தொடங்கிய முரசு என்ற மென்பொருள்தான் இயங்குதளத்தோடு ஒட்டிக்கொண்டு நம் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது; அவருடைய எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது பிற்காலத்து விசேஷம்.

ஆனால் எல்லாத் துணைநிரலுக்கும் அப்படிப்பட்ட எஜமானர் அமைவதில்லை. சும்மா கிடக்கும் டேப்புகளை உறங்கச் செய்து கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் துணைநிரல், இலட்சக்கணக்கானோரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. 2020-ல் அதை உருவாக்கியவர் பெயர் வெளியிடாத ஒருவருக்கு விற்றார். உபயோகிப்பவர்கள் அறியாமல் சந்தேகத்துக்குரிய நிரல் அதற்குள் நுழைந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கிழைக்கும் மென்பொருள் என்று சொல்லி முடக்கியது. அன்று உறக்கத்தில் இருந்த டேப்புகளெல்லாம் உறக்கத்திலேயே மாண்டுபோயின. உலாவியின் வரலாற்றுப் பதிவைத் திறந்து, நீண்ட முகவரியின் வாலில் ஒளிந்திருந்த உண்மை முகவரியை வெட்டியெடுக்கத் தெரிந்த சிலர் மட்டும் இழந்ததை மீட்டார்கள்.

குரோம் 2020-ல் டேப்புகளை வர்ணமிட்டுக் கூட்டமாக்கும் வசதியைத் தானே அளித்தது. ஒருமுறை வேண்டாமென்று எறிந்த அதே வசதியை ஃபயர்ஃபாக்ஸும் 2025-ல், 138-ஆம் பதிப்பில், வேறு வடிவில் மீண்டும் சேர்த்தது. இது எத்தனை நாளைக்கு என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். எந்தத் துணைநிரலை வைத்திருந்தாலும், அது இன்று யார் கையில் இருக்கிறது, எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி கேட்கிறதா என்பதை வாசகர்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்ளட்டும். கன்ட்ரோல், ஷிப்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சேமிக்கச் சொன்னால், குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த ஜன்னலில் திறந்துள்ள டேப்புகள் அனைத்தும், எந்தத் துணைநிரலின் தயவும் இல்லாமல், புக்மார்க்குகளாகப் பதிவாகிவிடும்.