அனர்த்த மீட்பு மென்பொருளும் அதன் தரமுயர்த்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் புதிய பொறிகளின் தோற்றத்தையே விரித்துரைப்பர். ஆக்கியவற்றைப் பேணிக்காத்த வரலாறு ஓரிரு பந்திகளுடன் முடிந்துவிடுகிறது. இவ்வாறு புறக்கணிக்கப்பட்டவற்றுள் அனர்த்த மீட்பு மென்பொருளும் ஒன்று. அது நாள்தோறும் இயங்குகின்றதாயினும், அதன் பயன் அனர்த்தம் நேரும் நாளிலேயே வெளிப்படும். அது பழுதுற்றிருந்ததும் பெரும்பாலும் அந்நாளிலேதான் தெரியவருகின்றது. முகிற் சூழலில் இயங்கும் மெய்நிகர்ப் பொறிகளின் காலத்தில் இந்நிலைமை எவ்வாறு உருப்பெற்றது என்பது ஆராயத்தக்கது.

மெய்நிகர்ப் பொறி என்னுங் கருத்து முகிலுக்கு மிக முற்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிறிட்ஜ் விஞ்ஞான நிலையத்தில், றொபேட் கிறீசி என்பாரின் தலைமையில் உருவாகிய சீ.பி.-40 என்ற முறைமை 1967 சனவரியிற் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு பெருங்கணனியைப் பலர் ஒரே நேரத்திற் பகிர்ந்துகொள்ளவும், ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிப்பொறி உண்டெனக் கருதி அதனை இயக்கவும் அது வழிசெய்தது. 1972 இல் வி.எம்.-370 வணிகப் பொருளாக வெளிவந்தது. அக்காலத்தில் இதனை எவரும் அனர்த்த மீட்போடு இணைத்து நோக்கியதாகத் தெரியவில்லை.

மீட்பு வேறொரு வழியிலே வளர்ந்தது. பின்னாளிற் சங்காட் எனப் பெயர்பெற்ற நிறுவனம் 1978 இற் பிலடெல்பியாவில் ஒரு மாற்று நிலையத்தைத் தொடங்கியது. தம் கணனிக்கூடம் தீயாலோ வெள்ளத்தாலோ அழியுமிடத்து, வங்கிகள் காந்த நாடாக்களை எடுத்துச்சென்று அங்கே பணியைத் தொடரலாம் என்பது ஏற்பாடு. ஒத்த வகைப் பொறி மாற்று நிலையத்தில் இருந்தாலன்றி நாடாவினாற் பயனில்லை. ஆதலின் இம்முறை மிகுந்த செலவை வேண்டி நின்றது.

இவ்விரு வழிகளும் சந்தித்தது இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எனலாம். 1998 இல் நிறுவப்பட்ட வீ.எம்.வெயார் நிறுவனம் மெய்நிகர்ப் பொறியைச் சாதாரண சேவையகங்களிலும் இயங்கச் செய்தது. முழுப் பொறியும் சில கோப்புகளாய்ச் சுருங்கிவிட்டமையால், அதனைத் தொலைவிலுள்ள நிலையமொன்றுக்கு இடையறாது படியெடுப்பது இயல்வதாயிற்று. 2006 இல் அமேசன் நிறுவனம் அத்தகைய பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத்தொடங்கியது. 2008 இல் வீ.எம்.வெயாரின் நிலைய மீட்பு முகாமை மென்பொருள் வெளிவந்தது. மீட்புத் திட்டம் அலுமாரியில் உறங்கும் கைந்நூல் என்ற நிலை மாறி, ஓட்டிப் பார்க்கக்கூடிய நிரலாயிற்று.

அந்நிரலைத் தரமுயர்த்த வேண்டிய கட்டாயம் இங்கேதான் எழுந்தது. மீட்பு மென்பொருள் தனித்து நிற்பதன்று. இரு நிலையங்களின் முகாமைச் சேவையகங்கள், படியெடுக்கும் கூறு, தாங்கு பொறிகள், விருந்தினப் பொறிகளுள் அமர்ந்த கருவிகள் ஆகிய யாவும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் பதிப்புகளாக இருத்தல் வேண்டும். வீ.எம்.வெயாரின் வழிகாட்டிகள் இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தன. முகாமை மென்பொருள் முதலிற் பாதுகாக்கப்படும் நிலையத்திலேயே தரமுயர்த்தப்படும். அம்முயற்சி பிழைத்து அந்நிலையம் செயலிழந்தாலும், தீண்டப்படாத மீட்பு நிலையம் எஞ்சியிருக்கும் என்பதே காரணம். தாங்கு பொறிகளுக்கு வந்ததும் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. அங்கே மீட்பு நிலையத்துப் பொறிகளே முந்தும். புதிய தாங்கியில் உருவான பொறியைப் பழைய தாங்கி ஏற்க மறுக்கலாம் என்பதை எண்ணினால் இதன் நியாயம் விளங்கும். பாதுகாப்பை மேம்படுத்தும் வேலை நடக்கும் பொழுதே பாதுகாப்பு மிகக் குறைந்திருக்கின்றது. நிருவாகிகள் இவ்வேலையை ஒத்திப்போடுவதற்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகலாம்.

பதிப்புப் பொருத்தமின்மை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு 2017 சனவரி 31 ஆந் திகதி கிற்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்தது சிறந்த சான்று. மைக்ரோசொப்ற்றின் முகிலில் இயங்கிய அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், துணைத் தரவுத்தளத்தைத் துடைப்பதாக எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைற்று அழிந்துவிட்டது. இத்தகைய தவறு எவருக்கும் நேரலாம். வியப்புக்குரியது அதன் பின்னர்த் தெரியவந்ததே. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பப்பட்ட காப்புப் பிரதிகளின் களஞ்சியம் வெறுமையாய்க் கிடந்தது. தரவுத்தளம் போஸ்கிறெஸ் 9.6 ஆம் பதிப்பில் இயங்க, பிரதியெடுக்குங் கருவியோ 9.2 ஆம் பதிப்பினதாய் இருந்தமையால் ஒவ்வொரு முறையும் பணியாற்ற மறுத்து நின்றுவிட்டது. பழைய எழுத்தமைதி மட்டுமே அறிந்த ஒருவரிடம் புதிய எழுத்தில் அமைந்த ஏட்டைப் படியெடுக்கக் கொடுத்தமை போன்றது இது. மறுத்த செய்தியைத் தாங்கிய மின்னஞ்சல்களும் உரிய சான்று இன்மையால் ஏற்கப்படாது போயின. முகில் வழங்கிய வட்டுப் பிரதி வசதியும் தரவுத்தளச் சேவையகங்களுக்குச் செயற்படுத்தப்பட்டிருக்கவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னர்த் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு பிரதியே கைகொடுத்தது. சேவை மீளச் சுமார் 18 மணி நேரம் சென்றது. ஏறத்தாழ 5,000 செயற்றிட்டங்களும் 700 பயனர் கணக்குகளும் பாதிப்புற்றன. இவ்விபரங்களை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டது பாராட்டத்தக்கது. அவ்வறிக்கை இன்றேல் இத்துறையின் வரலாறு இன்னும் வறியதாகவே இருந்திருக்கும்.

இலங்கையின் அனுபவம் இதனினும் கசப்பானது. அரச திணைக்களங்களின் மின்னஞ்சல் முறைமை 2007 இல், மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்சின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்புடன் தொடங்கி, 2014 இல் 2013 ஆம் ஆண்டுப் பதிப்புக்கு உயர்த்தப்பட்டது. 2021 முதல் அடுத்த தரமுயர்த்தல் திட்டமிடப்பட்டிருந்தும், நிதித் தட்டுப்பாட்டினாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களினாலும் அது பிற்போடப்பட்டதெனத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பின்னர்க் கூறியது. 2023 ஏப்ரல் 11 ஆந் திகதியுடன் அப்பதிப்புக்கான உற்பத்தியாளரின் ஆதரவு முடிவுற்றது. அவ்வாண்டு ஒகஸ்ட் 26 ஆந் திகதி இலங்கை அரச முகில் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன.

முறைமை 12 மணி நேரத்தில் மீட்கப்பட்டது என்பது உண்மையே. ஆயின் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பிற்போடப்பட்ட தரமுயர்த்தல் தாக்குவோருக்கு வாயிலைத் திறந்தது என்றால், இப்பிரதியின்மை இழப்பை நிரந்தரமாக்கியது. நாடு பொருளாதார நெருக்கடியினின்றும் எழ முயன்ற மாதங்களின் அரச கடிதப் போக்குவரத்தில் ஒரு பகுதி, வருங்கால வரலாற்றாசிரியனுக்கு இவ்வாறு கிட்டாது போயிற்று. நாள்தோறும் வலையமைப்புக்குப் புறம்பான பிரதிகளை எடுப்பதற்கும், எக்ஸ்சேஞ்சைப் புதிய பதிப்புக்கு உயர்த்துவதற்கும் அதன் பின்னரே நடவடிக்கை எடுக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது.