ஆடுகளம் யாருக்குச் சொந்தம்?

1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4-ஆம் நாள் புது டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறாண்டு நிறையவில்லை. ஆசிய நாடுகள் பல அப்பொழுதுதான் அந்நிய ஆட்சியினின்றும் விடுபட்டிருந்தன. 11 நாடுகளின் வீரர்கள் தேசிய அரங்கில் அணிவகுத்துச் சென்றார்கள். அவ்விழாவில் பதக்கத்துக்குரிய போட்டிகளோடு, கபடியும் காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டப்பட்டது. நம் ஊர்ப்புறங்களில் சடுகுடு என்று வழங்கும் ஆட்டந்தான் அது. மண்ணில் கிழித்த கோடு, மூச்சு, ஆளுக்கு ஆள் காட்டும் துணிவு, இவற்றைத் தவிர அதற்கு வேறு கருவி வேண்டுவதில்லை. ஆயினும் அக்கபடி பதக்கத்துக்குரிய போட்டியாக ஏற்கப்பட்டது 1990-ஆம் ஆண்டில், பெய்ஜிங் விழாவிலேதான். காட்சிக்கும் பதக்கத்துக்கும் இடையே 39 ஆண்டுகள் சென்றன.

அதே ஆசிய விழாவில் வேறோர் ஆட்டம் இந்தத் தொலைவை ஐந்தே ஆண்டுகளில் கடந்துவிட்டது. 2018-இல் ஜகார்த்தாவில் காட்சி ஆட்டமாக நின்றது, 2023-இல் சீனத்து ஹாங்சோ நகரில் ஏழு தங்கப் பதக்கங்களுக்கு உரியதாயிற்று. இ-ஸ்போர்ட்ஸ் என்று இளைஞர்கள் வழங்கும் மின்விளையாட்டே அது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அவ்வரலாறு நம் முன் வைக்கும் ஒரு வினாவையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினியில் போட்டி வைத்து ஆடும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. 1972-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில், 'ஸ்பேஸ்வார்' என்னும் விண்கலப் போர் ஆட்டத்தில் ஒரு போட்டி நடந்தது. வென்றவருக்குக் கிடைத்த பரிசு ஒரு பத்திரிகைக்கான ஓராண்டுச் சந்தா! விளையாட்டாகத் தொடங்கிய அதனைத் தொழிலாக வளர்த்தவர்கள் கொரியர்கள். 1997-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தென்கொரியாவில் விரைவு இணையத் தொடர்பு பரவிற்று. மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி ஆடும் கணினிக் கூடங்கள் தெருத்தோறும் எழுந்தன. 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தின் போட்டிகளைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. 2000-ஆம் ஆண்டில் அதற்கெனத் தேசிய அளவில் ஒரு சங்கமும் நிறுவப்பட்டது.

பன்னாட்டு விளையாட்டு விழா ஒன்றில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கும் முறை 2007-இல் மக்காவுவில் நடந்த ஆசிய உள்ளரங்க விளையாட்டில் வந்தது. அங்கே கால்பந்து, கூடைப்பந்து, கார்ப் பந்தயம் ஆகியவற்றைத் திரையில் ஆடினார்கள். பின்னர் 2009-இல் ஹனோயிலும், 2013-இல் இஞ்சியோனிலும் நடந்த உள்ளரங்க விழாக்களிலும் அது இடம்பெற்றது. ஆயினும் அவை சிறிய விழாக்கள். பெரிய விழாவின் கதவு திறந்தது 2017-இல். ஆசிய ஒலிம்பிக் மன்றம் அவ்வாண்டு அலிஸ்போர்ட்ஸ் என்னும் சீன நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்நிறுவனம் அலிபாபா குழுமத்தைச் சேர்ந்தது. அலிபாபாவின் தலைமையிடமோ 2022-ஆம் ஆண்டுக்குரிய விழாவை ஏற்றிருந்த ஹாங்சோ நகரமே. கபடிக்கு 39 ஆண்டுகள் ஆனதும் இதற்கு ஐந்தாண்டுகள் போதுமாயிருந்ததும் ஏன் என்பதற்கு இதில் ஓரளவு விடை கிடைக்கிறது. கபடிக்காகப் பேசுவதற்கு ஒரு வணிக நிறுவனம் இருந்ததில்லை.

ஜகார்த்தாவில் ஆறு ஆட்டங்கள் காட்சிப் போட்டிகளாக நடைபெற்றன. அவற்றுள் ஒன்று 'ஹார்த்ஸ்டோன்' என்னும் சீட்டாட்டம். திரையில் தோன்றும் சீட்டுகளைக் கணக்கிட்டு இறக்கி எதிராளியை மடக்கும் அறிவுப் போர் அது. அதில் நம் நாட்டின் தீர்த் மேத்தா என்பவர் வெண்கலம் வென்றார். குஜராத்தின் கட்ச்சு வட்டாரத்துப் புஜ் நகரத்தவர். ஆனால் காட்சிப் போட்டிகளின் பதக்கங்கள் நாடுகளின் பதக்கப் பட்டியலில் சேர்வதில்லை. ஆகவே இந்தியா அவ்விழாவில் பெற்ற பதக்கங்களின் எண்ணிக்கையில் அந்த வெண்கலம் இல்லை.

உடலை வருத்தாத ஆட்டம் விளையாட்டாகுமா என்ற தடை அப்பொழுதே எழுந்தது. ஆசிய விழா அதற்கு முன்னமே விடை கூறியிருந்தது. 2006-இல் தோஹா விழாவில் சதுரங்கம் இடம்பெற்றது. கொனேரு ஹம்பி தங்கம் வென்றார். 2018-இல் அதே ஜகார்த்தா விழாவில் 'பிரிட்ஜ்' சீட்டாட்டத்தில் நம்மவர் இருவர் தங்கம் வென்றனர். அவர்களில் மூத்தவருக்கு வயது 60. இவற்றை ஏற்ற அரங்கம் திரையாட்டத்தை மட்டும் உடலுழைப்பில்லை என்று விலக்க முடியாது.

அடுத்த தடை வலிமை மிக்கது. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் அந்நாளைய தலைவர் தாமஸ் பாக், கொலையைக் காட்டும் ஆட்டங்கள் ஒலிம்பிக் நெறிக்கு ஒவ்வா என்று 2018-இல் வெளிப்படையாகவே கூறினார். இதனால் நேர்ந்த ஒரு மாற்றம் சுவையானது. 'பப்ஜி மொபைல்' என்பது இயல்பாகவே ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் ஆட்டம். ஹாங்சோ விழாவுக்கென அதனைத் திருத்தி அமைத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சுடுவதற்கு மாறாக, வழியில் வைத்த குறிகளைச் சுட்டும், வண்டியோட்டியும் முந்திச் செல்லவேண்டும் என்று விதித்தார்கள். ஈட்டியெறிதல் முதலிய பழைய போர்க்கலைகள் நூற்றாண்டுக் கணக்கில் பதம்பெற்று விளையாட்டாயின. இங்கே அதே பதப்படுத்தலை ஓர் அலுவலகத்தில் அமர்ந்து சில மாதங்களில் செய்து முடித்தார்கள்.

2022-க்குரிய அவ்விழா பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளி, 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 8 வரை நிகழ்ந்தது. மின்விளையாட்டுக்கெனத் தனியரங்கமே கட்டியிருந்தார்கள். அனுமதிச் சீட்டுக்கு ஏற்பட்ட நெருக்கடியால் குலுக்கல் முறையில் சீட்டு வழங்க நேர்ந்தது. ஏழு தங்கங்களில் சீனா நான்கையும், தென்கொரியா இரண்டையும், தாய்லாந்து ஒன்றையும் பெற்றன. இதே சீனம் 2021-இல், 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு மணி நேரம் மட்டுமே இணைய ஆட்டம் ஆடலாம் என்று ஆணையிட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு, வீரர்களுக்கு மாளிகை! இரண்டுக்கும் பொறுப்பு ஒரே அரசு. இதனை முரண்பாடென்று நகைக்கலாம். ஆயினும் பெற்றோராயிருப்பவர் பலர் உள்ளத்திலும் இவ்விரு எண்ணங்களும் ஒருங்கே இருப்பதை மறுக்க இயலாது.

அவ்வரங்கில் தென்கொரியர்க்குப் பதக்கத்தினும் பெரியதொன்று கிட்டுவதாயிருந்தது. அந்நாட்டு ஆடவர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இராணுவப் பணி புரிவது கட்டாயம். ஆசிய விழாவில் தங்கம் வெல்வோர்க்கு அதிலிருந்து பெருமளவு விலக்கு உண்டு. இருபது வயதை ஒட்டிக் கூர்மை பெற்று, முப்பதை எட்டுமுன் மங்கிவிடுவது இவ்வாட்டக்காரர் பெரும்பாலாரின் கைவேகம். ஒன்றரை ஆண்டு என்பது அவர்களுக்குத் தொழில் வாழ்க்கையின் பெரும்பங்கு. 2018-இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' இறுதியாட்டத்தில் சீனத்திடம் தோற்ற கொரிய அணியில் இருந்தவர் லீ சாங்-ஹ்யோக். அவ்வாட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர். 2023 செப்டம்பர் 29-ஆம் நாள் கொரிய அணி சீனத் தைபேயை வென்று தங்கம் கொண்டபோது, காய்ச்சலுற்ற அவர் களத்தில் இல்லை. அணியில் இருந்தார், தங்கம் பெற்றார். அதற்கு முதல்நாள், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஃபைவ்' ஆட்டத்தில் தங்கம் வென்றவர் கிம் குவான்-வூ. அவருக்கு வயது 44. இளமையில் தெருமுனை ஆட்டக்கூடங்களில் கற்ற கையை நடுவயதுவரை காத்து வைத்திருந்தவர். கைவேகம் பற்றிச் சற்றுமுன் கூறிய விதிக்கு அவர் விலக்கு.

இனி நமது வினாவுக்கு வருவோம். ஜகார்த்தாவில் இந்தியருக்கு வெண்கலம் தந்த ஹார்த்ஸ்டோன், ஹாங்சோவின் பட்டியலிலும் இருந்தது. 2022-லேயே இந்தியாவில் தகுதிப் போட்டிகள் நடத்தி அதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் அவ்வாட்டத்துக்கு உரிமையுடைய அமெரிக்க நிறுவனத்துக்கும், சீனத்தில் அதனை நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முடிவுற்றது. சீனத்தில் அந்த ஆட்டமே நின்றுபோயிற்று. அதனால் விழாப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. தேர்வு பெற்றவர்கள் எந்த எதிராளியிடமும் தோற்கவில்லை. எந்த விதியையும் மீறவில்லை. அவர்கள் காலடியிலிருந்த ஆடுகளத்தையே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளி மாநிலங்களுக்குப் பிழைக்க வந்து வாடகை வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு இந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. வாசலில் கோலமிடலாம், துளசி வளர்க்கலாம், பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறித்து வைக்கலாம். வீட்டுக்காரர் காலிசெய்யச் சொன்னால் அந்தச் சுவரை எடுத்துச் செல்ல இயலுமோ? மின்விளையாட்டு வீரர் ஒவ்வொருவரும் அத்தகைய குடியிருப்பாளரே. அவருடைய திறமை அவருக்குச் சொந்தம். அது செல்லுபடியாகும் உலகம் பிறருக்குச் சொந்தம். வணிக நிறுவனம் மட்டுமன்றி அரசும் இங்கே வாசற்கதவை அடைக்கலாம். 2020 செப்டம்பரில் நாட்டின் பாதுகாப்பு கருதி இந்திய அரசு பப்ஜி மொபைல் செயலியைத் தடை செய்தது. ஹாங்சோவில் அவ்வாட்டத்துக்குப் பதக்கமிருந்தும் இந்திய அணி அதில் ஆடவில்லை. ஒலிம்பிக்கும் இதற்கு விலக்கன்று. மின்விளையாட்டுக்கெனத் தனி ஒலிம்பிக் நடத்தச் சவூதி அரேபியாவோடு 2024-இல் செய்த 12 ஆண்டு உடன்பாடு, ஒரு விழாவும் நடக்குமுன், 2025 அக்டோபரில் முடிந்துபோயிற்று.

இதற்கு மாறானதொரு காட்சியையும் காண்க. தீர்த் மேத்தா வெண்கலம் வென்ற அதே ஜகார்த்தா விழாவில், 1990 முதல் ஆடவர் கபடியில் தங்கத்தை விட்டுக்கொடாத இந்தியா, அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது. மகளிர் இறுதியாட்டத்திலும் ஈரானிடமே தோற்றது. நமக்கு அது வருத்தந்தான். ஆயினும் எண்ணிப் பார்த்தால், அத்தோல்வி கபடியின் பெருமையே அன்றோ? ஈரானியர் அவ்வாட்டத்தைக் கற்க எவரிடமும் உரிமம் பெறவில்லை. ஆட்டத்தைப் பிறப்பித்த நாடும் அதனைப் பூட்டி வைக்க முடியாது. 2023-இல் ஹாங்சோவில் இந்தியா இரு தங்கங்களையும் மீட்டதும் களத்தில் ஆடியேதான். உடையவரில்லாத களத்தில் மட்டுமே தோல்வியும் வெற்றியும் முழுவதும் ஆட்டக்காரருடையனவாகின்றன.

நம் அரசும் இத்துறையில் சில அடிகள் எடுத்து வைத்துள்ளது. 2022 டிசம்பரில், பல்விளையாட்டு விழாக்களில் இடம்பெறும் மின்விளையாட்டு, விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பாக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து, மின்விளையாட்டை அவற்றினின்றும் பிரித்து ஏற்றது. சூதும் விளையாட்டும் ஒன்றல்ல என்று வகுத்தது நன்றே. ஆயினும் களத்தின் உரிமை பற்றிய வினா அச்சட்டத்தோடு தீர்ந்துவிடவில்லை. ஒரு விழாவுக்கென ஏற்கப்பட்ட ஆட்டம், அவ்விழா முடியும்வரை திரும்பப் பெறப்படாது என்று உரிமையாளரிடம் உறுதி பெறுவதேனும் விழா நடத்துவோர் கடமையாக வேண்டும். நீந்துபவன் பாதி நீந்துகையில் குளத்து நீரை வடித்துவிட எவருக்கும் உரிமை இருத்தலாகாது.

மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீட்டில் வாழும் நம் பிள்ளைக்குச் சடுகுடு ஆட மண்ணில்லை. கையில் இருப்பது திரைதான். அதிலே அவன் காட்டும் ஊக்கத்தைப் பழிப்பதால் பயனில்லை. ஆசியாவே அதற்குப் பதக்கம் அளித்துவிட்டது. அவனிடம் நாம் கூறத்தக்கது ஒன்றுண்டு. திறமையை வளர்த்துக்கொள், ஆனால் உன் வாழ்நாள் முழுவதையும் ஒரே வாடகை வீட்டில் அடுக்கிவைக்காதே. படிப்பும் உடல்நலமும் நட்பும் உனக்கே சொந்தமான மனைகள். இப்படிக் கூறிவிட்டு, விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, தெருமண்ணில் ஒரு கோடு கிழித்து, மூச்சடக்கிப் பாடிச் செல்வது எப்படியென்று தாத்தா ஒருமுறை ஆடிக் காட்டினால் நலம். அந்தக் கோட்டை அழிக்கும் உரிமை மழைக்கு மட்டுமே உண்டு. மழை நின்றதும் மறுபடியும் கிழித்துக்கொள்ளலாம்.