இரண்டு நிமிஷத் துயரம்

சேர்வராயன் கோயிலுக்குள் யாரும் வேகமாகப் போக முடியாது. ஏற்காட்டிலிருந்து 5,326 அடி உயரத்துச் சிகரத்துக்கு எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்தக் குகை வாயிலில் தலை குனிந்தாக வேண்டும். குனிந்தவன் மெதுவாகத்தான் நடப்பான். சேர்வராயனும் காவேரியும் இருக்கும் இருட்டுக்குக் கண் பழக வேண்டும். பக்தி பிறகு வருகிறது. நிதானம் முதலில் வந்துவிடுகிறது. சங்கீதமும் அப்படித்தான். ராகத்தின் பெயரைச் சொன்னதும் பாவம் வந்துவிடாது. காலப்பிரமாணம் கதவைத் திறக்க வேண்டும்.

இதற்கு மேனாட்டுச் சாட்சி ஒன்று உண்டு. அதுவும் ஒரு மலையைச் சேர்ந்ததே. 1838 டிசம்பரில், நோயாளியான ஷோபான், எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டுடன் மயோர்க்காத் தீவின் மலையூரான வால்தெமோசாவில், துறவிகள் நீங்கிய பழைய மடம் ஒன்றில் தங்கினார். வெளியே மழை, உள்ளே இருமல். தம் அறை உயரமான சவப்பெட்டிபோல் இருப்பதாக நண்பருக்கு எழுதினார். பாரிஸிலிருந்து புறப்பட்ட பியானோ சுங்கத் தகராறு தீர்ந்து, 1839 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. அம்மாதமே 24 சிறு உருப்படிகளை முடித்து அனுப்பிவிட்டார். அவற்றில் நான்காவதைப் பாருங்கள்.

சுருதி இ மைனர். நம் நடபைரவியின் ஸ்வரங்கள் என்று ஏறக்குறையச் சொல்லலாம். ஆனால் சோகம் சுருதியில் மட்டும் இல்லை. அதே இ மைனரில் மெண்டல்சன் எழுதிய 'ராண்டோ காப்ரிச்சியோஸோ' துள்ளிக் குதித்து ஓடுகிறது! ஷோபான் தம் உருப்படிக்கு 'லார்கோ' என்று எழுதினார். மிகச் சௌக்கமான காலம்.

வலக்கை செய்வது அற்பம். நீண்ட பஞ்சமம், ஒரு கணம் தைவதம், மீண்டும் பஞ்சமம். வீணையானால் அந்தப் பஞ்சமத்தை அசைத்து உயிரூட்டலாம். பியானோவில் கமகம் ஏது? தட்டிய நொடியிலிருந்து நாதம் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே அசைவெல்லாம் இடக்கைக்கு இறங்கிவிட்டது. கூடி ஒலிக்கும் மூன்று ஸ்வரங்களில் ஒன்று அரை ஸ்வரம் சரிகிறது, பிறகு இன்னொன்று. மேலே அதே பஞ்சமம். கீழே நிலம் நழுவுகிறது. துரித காலத்தில் இந்த நழுவல் காதுக்கே எட்டாது. நடுவில் ஒருமுறை துயரம் உரக்கக் கதறுகிறது, பிறகு அடங்கி, ஒரு மௌனம், மூன்று மெல்லிய ஒலிகள், முடிந்தது. எல்லாம் இரண்டு நிமிஷந்தான்.

நம் காது தவறவிடுவதும் இந்தக் கீழ்த்தளத்தைத்தான். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளைச் சங்கராபரணத்தில் நோட்டு சாகித்தியங்களாக்கினார். பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு, 'ஸந்ததம் பாஹிமாம்' என்று அம்பிகையின் துதியாயிற்று. மெட்டு நம்முடையதாயிற்று, அதன் அடியில் ஒலிக்கும் கூட்டு ஸ்வரங்கள் நமக்குத் தேவைப்படவில்லை. அதனால்தான் பியானோவில் மெட்டை மட்டும் தேடுகிற நமக்கு, 'என்ன இது, ஒரே ஸ்வரம்!' என்று தோன்றுகிறது.

ஷோபான் 1849 அக்டோபர் 17 அன்று காலமானார். 30ஆம் தேதி பாரிஸின் மாதலேன் தேவாலயத்தில், அவருடைய இறுதிச் சடங்கில் இந்த உருப்படியை வாசித்தார்கள், ஆர்கனில். ஆர்கனில் நாதம் தேய்வதில்லை. விரல் எடுக்கும்வரை பஞ்சமம் ஒரே சீராக நிற்கும். அப்போதும் அதன் அடியில் அந்த அரை ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டுதான் இருந்தன.