பூக்கும் தாவரங்களின் வகைப்பாடும் பெயரிடலும்

விதையைச் சூலகத்துக்குள் மூடிவைத்து வளர்ப்பவை பூக்கும் தாவரங்கள். அறுகம்புல் முதல் ஆலமரம் வரை ஏறத்தாழ 3 லட்சம் சிற்றினங்கள் இவற்றுள் அடங்கும். இவற்றை உறவு பார்த்துக் குழுக்களாகப் பிரிப்பது வகைப்பாடு. ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் ஒரே பெயர் வழங்கச் செய்வது பெயரிடல்.

தமிழில் இம்முயற்சி மிகப் பழையது. தண்டின் வெளிப்புறம் உறுதியானவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு ஆகியவை புல்லின் உறுப்புகள். இலை, தளிர், அரும்பு ஆகியவை மரத்தின் உறுப்புகள். இதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்கின்றன. இன்றைய தாவரவியலில் இம்மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்களே. ஐரோப்பாவில் ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவை ஜான் ரே முறைப்படுத்தியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

சுவீடனின் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ நூலே தாவரப் பெயர்களின் சட்டபூர்வமான தொடக்கம். அதற்கு முன் ஒரு செடியின் பெயர் ஒரு வரி நீளும் வருணனையாக இருந்தது. பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என லின்னேயஸ் அதை இரண்டு சொற்களில் அடக்கினார். அவருடைய வகைப்பாடு அவ்வளவு உறுதியானதன்று. மகரந்தத்தாள்களின் எண்ணிக்கை, நீளம், இணைவு முதலியவற்றைக் கொண்டு 24 வகுப்புகளை அவர் அமைத்தார். கோதுமைக்கு 3 மகரந்தத்தாள்கள், நெல்லுக்கு 6. ஆகவே நெல் கோதுமையைப் பிரிந்து வெங்காயம் இருந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தது.

லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டினார். 1771இல் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகை’ எனப் பெயரிட்டு லின்னேயஸ் அவரைச் சிறப்பித்தார். பின்னர் தாவரவியலாளர் ஸ்பிரெங்கல் அதை முரையா பேரினத்துக்கு மாற்றினார். மரபணு ஆய்வுகளுக்குப் பின் அது பெர்கெராவுக்கே திரும்பியுள்ளது. பேரினம் இருமுறை மாறியும் கோனிக்கின் பெயர் மட்டும் ஒட்டியே இருக்கிறது.

இந்தியத் தாவரவியலை வளர்த்தது பெந்தம், ஹூக்கர் என்னும் இரு தாவரவியலாளர்களின் வகைப்பாடு. லண்டன் கியூ தோட்டத்தில் சேர்ந்திருந்த உலர் மாதிரிகளை நேரில் ஆராய்ந்து 1862 முதல் 1883 வரை மூன்று தொகுதிகளாக ‘ஜெனிரா பிளாண்டாரம்’ நூலை இவர்கள் வெளியிட்டார்கள். இருவித்திலைத் தாவரங்களை மூன்றாகப் பிரித்தனர்: செம்பருத்தி, ஆவாரை போல் அல்லி இதழ்கள் தனித்தனியாக உள்ளவை, ஊமத்தை, நித்தியகல்யாணி போல் இணைந்தவை, ஆமணக்கு போல் ஒரே பூவிதழ் வட்டம் கொண்டவை. கையில் ஒரு பூவும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவும் இம்முறை, களப்பணிக்கு இன்றும் ஈடற்றது. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும் இதையே பின்பற்றியது. விதை மூடப்படாத ஊசியிலைத் தாவரங்களை இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவே வைத்தது இம்முறையின் குறை.

பெயர்ச் சிக்கல்களை ஆறாண்டுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு தீர்க்கிறது. 2005இல் வியன்னா மாநாடு அகேசியா என்னும் பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கு ஒதுக்கியது. அகேசியா எனப்பட்டுவந்த கருவேலம் இப்போது வாச்செல்லியா.

டி.என்.ஏ. அடிப்படையிலான ஏபிஜி (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குரூப்) வகைப்பாடு 1998இல் வந்தது. 2016ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் 64 துறைகளும் 416 குடும்பங்களும் உள்ளன. ஆயினும் உலர் மாதிரிகளைச் சேமிக்கும் இந்திய ஹெர்பேரியங்கள் பலவற்றில் மாதிரித் தாள்கள் பெந்தம், ஹூக்கர் வரிசையிலேயே அடுக்கப்பட்டுள்ளன.